புளியங்குடி, சொக்கம்பட்டி, கட

மாலை 6.11. அழைப்பு அறையில் எட்டு நாற்காலி, எட்டுப் பேர். ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் கு. இசக்கிராஜ். பிஷ்கெக் நகரில் இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியத் தடகளப் போட்டி. ஆண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டம் 6.35க்கு. அதுவரை யாரும் அறையை விட்டு வெளியே போக முடியாது. போனை வாங்கி உறை போட்டு ஒட்டியாகிவிட்டது, ஸ்பைக்ஸ் ஆணிகளை அளந்து பார்த்தாகிவிட்டது, பையில் கைவிட்டுத் துழாவியாகிவிட்டது. பட்டியல் வைத்திருந்த பெண் அவன் பெயரை இஸாகி என்று கூப்பிட்டுவிட்டுத் தொடையில் ஒட்டிக்கொள்ள 5 என்று அச்சடித்த வில்லையைக் கொடுத்தாள். ஒட்டினான். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி அழுத்தினான். வியர்வையில் ஒட்டாதோ, பாதியில் பறந்துவிட்டால் கேமராவில் எண் விழாதே, விழாவிட்டால் என்ன, எட்டாவதாக வருகிறவனின் எண் யாருக்கு வேண்டும், ஆனால் எட்டாவதாக வருவதற்கும் முதலில் ஓட விடவேண்டும். 0.104. அங்கேதான் வந்து நின்றது. காலையிலிருந்து எதை நினைத்தாலும் அங்கே வந்துதான் நின்றது. பல் விளக்கும்போது 0.104. சோற்றுக்குப் பதில் கொடுத்த அந்தக் கோதுமைக் கஞ்சியைக் கிளறும்போது 0.104. நேற்று செமிஃபைனலில் வெடிச்சத்தத்துக்கும் அவன் கால் ஊன்றியிருந்த பிளாக்கை உதைத்ததற்கும் இடையில் இயந்திரம் கண்ட இடைவெளி, ரியாக்ஷன் டைம், அது. மற்றவர்களுக்கு 0.141, 0.156, ஒருவனுக்கு 0.170. சத்தம் காதில் விழுந்து கால் அசைவதற்கு மனிதனுக்குக் குறைந்தது பத்தில் ஒரு வினாடி வேண்டும் என்று விதி சொல்கிறது. 0.100க்குக் கீழே போனால் சத்தம் கேட்டு ஓடவில்லை என்று பொருள். வெளியே போக வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. ஆயிரத்தில் நான்கு பங்கு அவனைக் காப்பாற்றியது. கோச் முதுகில் தட்டி, ஆசியாவிலேயே இப்படி ஒரு ஸ்டார்ட் யாருக்கும் இல்லை என்றார். டெல்லியிலிருந்து வந்திருந்த நிருபர் மின்னல் என்று எழுதினாராம். அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தான். வெடிச்சத்தம் காதில் விழுந்தபோது தன் கால் ஏற்கெனவே கிளம்பியிருந்தது என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

தெரியாது என்று எப்படிச் சொல்வது, ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஊரில் அதற்குப் பெயர் வேறு. வட்டார மீட், மாவட்ட மீட், எதுவானாலும் தேவசகாயம் சார்தான் ஸ்டார்ட்டர். துப்பாக்கி கிடையாது, இரண்டு பலகையைக் கீல் போட்டுக் கட்டிய கிளாப்பர். செட் என்பார், மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், அடிப்பார். வருஷம் இருபதானாலும் அந்த மூச்சு நீண்டதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஒன்றாம் லேன், இரண்டாம் லேனுக்கு அவ்வளவு அடிதடி ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அங்கிருந்தால் மூச்சு காதில் விழும். பலகைக்கு ஓடாதல, சாருக்கு ஓடு, என்று சுடலைக்கண்ணுதான் முதலில் சொன்னான். அதுவே அதற்குப் பெயராயிற்று. இசக்கிராஜுக்கு மூன்று வயது மூத்தவன், வாசுதேவநல்லூர்ப் பள்ளியில் நூறு மீட்டருக்கு அவனை விட்டால் ஆள் இல்லை என்று இருந்தவன். எட்டாம் லேன் விழுந்த அன்று மூச்சுக் கேட்காமல் இசக்கிராஜ் என்ன செய்வதென்று தவித்தபோது வாய் தானாக அப்பாவின் பாட்டைப் பாடியது. அப்பா ராஜபாளையம் - தென்காசி பஸ்ஸில் கண்டக்டர். வாசுதேவநல்லூரை விட்டுப் பஸ் கிளம்பும்போது ஒரே மூச்சில், ஒரே அளவில், புளியங்குடி சொக்கம்பட்டி கடையநல்லூர் தென்காசி. வீட்டில் தூக்கத்திலும் அதே அளவுதான். செட் என்றதும் மனசுக்குள் அந்தப் பஸ் கிளம்பியது. புளியங்குடி முடிந்து சொக்கம்பட்டியில் ‘சொ’ வரும்போது பலகை விழுந்தது. அன்றைக்கு ஜெயித்தான். அப்புறம் எந்த மைதானத்துக்குப் போனாலும் முதல் வேலை ஸ்டார்ட்டரை அளப்பது. பெண்கள் ஓட்டம், தடை ஓட்டம், எது முதலில் நடக்கிறதோ அதைக் கேலரியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்பான். சென்னை ஸ்டார்ட்டர் ஒரு சொக்கம்பட்டி. திருவனந்தபுரத்தில் சொக்கம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரம். புவனேஷ்வரில் ஒருவர் அவசரக்காரர், புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே சுட்டுவிடுவார். இங்கே சிவப்புக் கோட்டுப் போட்ட அந்த உயரமான அம்மாளை முந்தாநாள் காலையிலிருந்து ஒன்பது தடவை அளந்தான். ஒன்பது தடவையும் ஒன்றே. புளியங்குடி, சொக்கம்பட்டி, கட. ‘கட’ வரும்போது வெடி. நேற்று ‘கட’வில் உதைத்தான். அம்மாள் இன்னும் ஒரு நூலிழை தாமதித்திருந்தால்? சுடலைக்கண்ணு நடியாட்டில் தேசியப் பள்ளி மீட்டில் அப்படித்தான் போனான். சிவப்பும் கறுப்பும் பாதிப்பாதியாக இருக்கிற அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பிளாக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான், இரண்டு பேர் வந்து தூக்க வேண்டியிருந்தது. இப்போது புளியங்குடியில் ஜேசிபி ஓட்டுகிறான். டீக்கடையில் யாரும் அவனை சுடலை என்று கூப்பிடுவதில்லை. ஏல செவப்பு, நீ சாயா குடிக்கியா? அவனும் திரும்பிப் பார்க்கிறான். அதுதான் இசக்கிராஜுக்குப் பொறுக்காது, கூப்பிட்டதும் அவன் திரும்பிப் பார்ப்பது.

பக்கத்து நாற்காலிக்காரன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். மஞ்சள் பனியன், மலேசியா. ஆறாம் லேன். முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தில் வந்து தட்டோடு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தவுடனே தமிழ் என்று தெரிந்துவிட்டது என்றவன். பெயர் லோகேஸ்வரன், சுங்கைப் பட்டாணிக்காரன். அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார் என்றும், இங்கே மீன் கிடைக்காததால் தனக்கு எடை குறைந்துவிட்டது என்றும், ஜப்பான்காரன் தூங்கும்போதுகூட சாக்ஸ் கழற்றுவதில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். நல்லவன்தான். நல்லவன் என்று எப்படித் தெரியும், தமிழ் பேசுகிறான் என்பதாலா? லோகேஸ்வரன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான், தலையைத் தூக்காமல் பேசினான்.

“நேத்து செமிய வீடியோல பாத்தேன் லா. மூணு தடவ பாத்தேன். நீ கேட்டு ஓடல. நீ நெனச்சி ஓடுற.”

இசக்கிராஜ் தொடையில் வில்லையை அழுத்தினான்.

“தப்புன்னு சொல்லல. நம்பிக்கிட்டு ஓடுறதுக்கும் தைரியம் வேணும்ல. ஆனா இன்னிக்கி அந்தப் பொம்பள இல்ல, தெரியும்ல? வேற ஆளு. கெழவன்.”

“யாரு சொன்னா?”

“எங்க மேனேஜரு. வேணும்னா நம்பாத.”

நம்புவதா? நாற்காலியின் விளிம்பு தொடைக்கு அடியில் அறுத்தது. பொய்யாக இருக்கலாம். இறுதி ஓட்டத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் பக்கத்து லேன்காரனிடம் வந்து இதைச் சொல்கிறவன் எதற்காகச் சொல்வான், அன்புக்கா? செமியில் இரண்டு பேரும் வேறு வேறு ஓட்டம், ஆனால் நேரம் கிட்டத்தட்ட ஒன்று, 10.52, 10.53. மூன்றாவது இடம் இவர்கள் இரண்டு பேரில் ஒருவனுக்கு என்று எண்ணிப் பார்க்கிற எவனுக்கும் தெரியும். முதல் இடம் ஜப்பான்காரனுக்கு, அதில் பேச்சில்லை. மூன்றுக்குள் வந்தால் ஆகஸ்டில் பாட்டியாலா முகாம். தேசிய அணியோடு ஒரு வருஷம், சாப்பாடு, மருத்துவர், ரப்பர் ஓடுதளம். வராவிட்டால் திரும்பவும் கல்லூரி மைதானம், மழை பெய்தால் நான்கு நாள் காயவேண்டும். முகாம் பட்டியலைப் பற்றிக் கோச் நேற்றே ஜாடையாகச் சொல்லிவிட்டார். மெடல் கொண்டு வருகிறவனை யாரும் தடுக்கமுடியாது, மற்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஸ்டார்ட் இல்லாமல் மெடல் இல்லை. முப்பது மீட்டர் வரை எல்லாருக்கும் முன்னால், அறுபதில் மூச்சுச் சத்தங்கள் பின்னாலிருந்து வரத் தொடங்கும், அப்புறம் கோடு வருகிறவரை துரத்தப்படுவது, இதுதான் அவன் ஓட்டம். இதைத் தவிர வேறு ஓட்டம் அவன் ஓடியதில்லை. வெடியைக் கேட்டபிறகு கிளம்பினால் தன்னிடம் என்ன மிச்சமிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பத்தொன்பது வயது, ஏழு வருஷ ஓட்டம், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பட்டியல் பெண் எழுந்து கதவைத் திறந்தாள்.

வரிசையாக வெளியே போனார்கள், லேன் எண் வாரியாக, ஆளுக்கொரு கூடையுடன். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. தெற்கே மலை, ஜூன் மாதத்தில் தலை நிறையப் பனி. அதைப் பார்க்காமல் அவன் ஸ்டார்ட்டர் மேடையைப் பார்த்தான். கிழவர்தான். வெள்ளை மீசை, சிவப்புக் கோட்டு அவர் தோளில் பெரிதாக நின்றது, யாரோ ஒருவருடையதை வாங்கிப் போட்டதுபோல. லோகேஸ்வரன் பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த ஆளை எங்கேயாவது பார்த்தோமா, காலை எண்ணூறு மீட்டருக்கா? எண்ணூறுக்கு செட் கிடையாது. நேற்று பெண்கள் தடை ஓட்டத்தில் ஒரு கிழவர் நின்றார், அது இவரா, வாழைப்பழம் வாங்கப் போயிருந்தோமே, ஒரு வாழைப்பழத்துக்காகவா. பிளாக்கைத் தரையில் அடித்துப் பொருத்தினான். முன் பலகை இரண்டு அடி, பின் பலகை மூன்று. ஒரு முறை பாய்ந்து பார்த்தான், திரும்பி நடந்து வந்தான். கூடையில் மேல்சட்டையைப் போட்டான். முகத்தைக் கவனி, கிழவருடைய முகத்தை. பொறுமைசாலியா? அரசு அலுவலகத்தில் சீல் வைக்கிறவர் முகம், ஒரு தாளும் விடாமல் புரட்டிப் பார்த்துவிட்டு வைக்கிறவர். அப்படியென்றால் நீளமாக இழுப்பார். கடையநல்லூர் முழுசும் போகும். அல்லது வயதானவர், கை தூக்கிக்கொண்டு நிற்க முடியாது, சீக்கிரம் சுட்டுவிடுவார். எப்படியும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் இருக்கலாம். கேட்கலாம். எல்லாரும் கேட்கத்தானே செய்கிறார்கள். ஒலிபெருக்கியில் பெயர்கள் வந்தன, ஐந்து என்றதும் கையைத் தூக்கினான், யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள், அதில் ஒருவர் கோச்சாக இருக்க வேண்டும். மைதானம் அடங்கியது.

கையைத் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினான். முழங்காலுக்கு அடியில் ரப்பர் சூடு. செட் என்றது பின்னாலிருந்த ஒலிப்பெட்டி, மிகப் பக்கத்தில், காதுக்குள்ளேயே யாரோ சொல்வதுபோல, இடுப்பு உயர்ந்தது, பஸ் கிளம்பிவிட்டது, அவன் கிளப்பவில்லை, தானாகக் கிளம்பிவிட்டது, புளியங்குடி, சொக்கம்பட்டி, கட, கால் விம்மியது, போகாதே, கடையநல்லூர், இன்னும் இல்லை, தென், இன்னும் இல்லை, தென்காசியும் தாண்டியாயிற்று, கை மரத்தது, கிழவர் என்ன செத்துவிட்டாரா, எழுந்திருங்கள் என்றது பெட்டி. எல்லாரும் எழுந்தார்கள். ஏழாம் லேனில் ஓமன்காரன் ஆடிவிட்டானாம், பச்சை அட்டை, குற்றமில்லை, மறுபடி. ‘கட’வில் போயிருந்தால்? இந்நேரம் அட்டை. முகத்துக்கு நேரே, பாதி சிவப்பு. ஏல செவப்பு. கிழவருக்கு அளவு இல்லை, அதுதான் விஷயம். ஒவ்வொருவனும் சிலையாகிறவரை காத்திருக்கிறார், அதற்கு எந்தப் பஸ்ஸும் ஒத்துவராது. கேட்க வேண்டியதுதான். எப்படிக் கேட்பது, கேட்பதற்கு மனசு சும்மா இருக்க வேண்டும், சும்மா இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. மறுபடி கை, மறுபடி முழங்கால். செட். பஸ் கிளம்பியது. நிறுத்து. புளி. நிறுத்து, வேறு ஏதாவது நினை, அம்மா போனில் மாத்திரை சாப்பிட்டேன் என்றாள், எந்த மாத்திரை என்று கேட்காமல் விட்டோமே, சர்க்கரைக்கா வலிக்கா, என்று போய்க்கொண்டிருந்த நினைப்பின் நடுவில் வெடித்தது. வெடித்ததைக் கேட்டான். கேட்டோம் என்று தெரிந்தது, அது ஒரு தனிக் காரியமாக நடந்தது, அப்புறம்தான் கால் உதைத்தது.

முதுகுகள். தலையைத் தூக்கியதும் முன்னால் முதுகுகள். ஓட்டத்தின் தொடக்கத்தில் அவன் முதுகு பார்த்ததே இல்லை. மஞ்சள் முதுகு ஒன்று வலப்பக்கம், வெள்ளை ஒன்று தூரத்தில், நீலம், பச்சை. முடிந்தது என்று நினைத்தான். எட்டாவது, முகாம் இல்லை, மழை பெய்த மைதானம். ஆனால் துரத்த யாரும் இல்லை. பின்னால் மூச்சு இல்லை. தோளில் வழக்கமாக ஏறி உட்காருகிற அந்த இறுக்கம் இன்றைக்கு உட்காரவில்லை, கை தளர்வாகப் போய் வந்தது, நாற்பது மீட்டரில் பச்சை பின்னால் போயிற்று, எப்படிப் போயிற்று, அவன் ஒன்றும் செய்யவில்லை, நீலம் போயிற்று. இன்னொன்று. முதுகுகள் தானாகக் கிட்ட வந்தன. எண்பதில் மஞ்சள் முதுகின் தையல் தெரிந்தது, எண் துணியில் ஊக்குக் குத்திய நான்கு மூலை தெரிந்தது, காது தெரிந்தது, இன்னும் ஐந்து மீட்டர் இருந்தால், நெஞ்சைத் தள்ளினான்.

மின்பலகையில் முடிவு வரிசையாக ஏறியது. ஜப்பான் 10.29. தாய்லாந்து 10.38. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் மட்டும் பலகை யோசித்தது. தொடையில் கைகளை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றான். லோகேஸ்வரன் 10.47. இசக்கிராஜ் 10.48. அவன் வாழ்நாளில் ஓடியதிலேயே மிகக் குறைந்த நேரம் அது, ஆயினும் அதைக் கடைசியாகத்தான் கவனித்தான். பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை முதலில் பார்த்தான்: 0.187. எட்டுப் பேரில் கடைசி. நேற்றைய 0.104ஐ இதிலிருந்து கழித்தால் 0.083, 10.48இலிருந்து அதைக் கழித்தால் 10.40. மூன்றாவது. பாட்டியாலா. மறுபடி கழித்துப் பார்த்தான், அதே விடை. ஆனால் கிழவரிடம் ‘கட’ கிடையாது, ‘கட’வில் போயிருந்தால் வெளியே, இந்த 10.48ம் இல்லை. இந்த 10.48 எங்கேயிருந்தது இத்தனை நாள்? முப்பது மீட்டருக்கு அப்புறம் அவனைவிட வேகமாக ஜப்பான்காரன் ஒருவன்தான் வந்திருப்பான். இதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு தடவை வந்தது மறுபடி வருமா? அந்த மாத்திரை நினைப்பால் வந்ததா, அடுத்த தடவை எதை நினைப்பது?

லோகேஸ்வரன் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

“இன்னிக்கி கேட்டு ஓடுன, இல்ல?”

“ஆமா.”

“தெரியும். அதான் நான் மூணு.” உதட்டைத் துடைத்துக்கொண்டான். “சொன்னா நீ பயந்துடுவன்னு தெரிஞ்சிதான் சொன்னேன். கோவமா?”

“நீ சொல்லலன்னா செவப்பு அட்டை வாங்கிருப்பேன்.”

“ஐயோ. அப்ப சொல்லாம இருந்திருந்தா இன்னும் ஈசியா ஜெயிச்சிருப்பேனே,” என்றான் லோகேஸ்வரன். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை, உண்மையாகவே அதை யோசித்துப் பார்த்தவன்போல் நின்றான். அதற்குள் மஞ்சள் கோட்டுக்காரர்கள் வந்து அவனை மெடல் மேடைக்குக் கூட்டிப்போனார்கள்.

கோச் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கடைசி எழுபது மீட்டர் பிரமாதம், இப்படி ஓடி நான் பார்த்ததில்லை, ஆனால் உன் ஸ்டார்ட்டுக்கு என்ன ஆயிற்று, அது ஒன்றுதானே உன்னுடையது, என்றார். அதை மட்டும் சரிசெய்துகொள். பழையபடி போ. இசக்கிராஜ் தலையாட்டினான். தொடையில் 5 இன்னும் ஒட்டியிருந்தது, பிய்த்தால் மயிரோடு வந்தது. கூடையிலிருந்து மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றபோது ஸ்டார்ட்டர் மேடையருகே பெண்கள் நூறு மீட்டர் இறுதிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிழவர் அங்கேயே நின்றார். போகலாம் என்று கோச் கூப்பிட்டார். ஒரு நிமிஷம் சார், என்றான். பெட்டி செட் என்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆகஸ்ட் முகாம் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அடுத்த வருஷம், 2024ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி ராஞ்சியில் நடந்த தேசியப் போட்டியில், ஆண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் தமிழ்நாட்டின் கு. இசக்கிராஜ் முதலிடம் பெற்றான். நேரம் 10.39. ரியாக்ஷன் டைம் 0.101.